கொடுத்த பெயர்

2006 வாக்கில் சென்னையில் ஜாவாஸ்கிரிப்ட் எழுதுகிறவனை யாரும் புரோகிராமர் கணக்கில் சேர்க்கவில்லை. தரமணியில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஜாவாக்காரர்களுக்கு ஒரு வரிசை, டேட்டாபேஸ்காரர்களுக்கு ஒரு வரிசை. எங்களுக்கு 'ஸ்க்ரீன் டீம்' என்று பெயர், கடைசி வரிசை. படிவத்தில் ஏதாவது காலியாக விட்டிருந்தால் எச்சரிக்கைப் பெட்டி காட்டுவது, தேதி சரியா என்று பார்ப்பது, இவ்வளவுதான் அந்த மொழிக்கு அப்போதிருந்த வேலை. "வேலிடேஷன் மட்டும் போட்டுக் கொடுத்துடுங்க" என்பார்கள். ஆனால் காலம் மாறத் தொடங்கியிருந்தது. 2005 பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் கேரட் 'அஜாக்ஸ்' என்று பெயர் வைத்த உத்தி பரவிக்கொண்டிருந்தது. ஜிமெயிலையும் கூகுள் மேப்ஸையும் பார்த்துவிட்ட வாடிக்கையாளர்கள், பக்கம் மறுபடி ஏறாமலே எல்லாம் மாற வேண்டும் என்று கேட்டார்கள். சில நூறு வரிகளாக இருந்த எங்கள் நிரல் பல ஆயிரம் வரிகளானது. எதை எங்கே வைத்தோம் என்று தேடுவதிலேயே பாதிப் பொழுது போனது.

அந்த நெருக்கடியில்தான் என் லைப்ரரி பிறந்தது. பிறகு வேலை மாறினேன், வீடு மாறினேன். அது மட்டும் கூடவே வந்தது. பெரிய லைப்ரரி இல்லை. கிளாஸ் எழுதவும், ஒரு கிளாஸிலிருந்து இன்னொன்றை வருவிக்கவும் உதவும் சிறிய கோப்பு. உலகத்தில் அதன் பெயர் தெரிந்தவர்கள் குறைவு. ஆனால் மென்பொருளைப் பற்றி நான் உறுதியாக அறிந்தவற்றில் பெரும்பகுதியை அதை எழுதியபோது கற்கவில்லை, எழுதி முடித்த பிறகு வைத்துக் காப்பாற்றியபோதுதான் கற்றேன்.

ஜாவாஸ்கிரிப்டை 1995-ல் நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் உருவாக்கினார் என்பது எல்லோரும் சொல்லும் கதை. அந்தப் பத்து நாளுக்குள் அவர் எடுத்த ஒரு முடிவு எனக்கு இன்றும் அழகாகத் தெரிகிறது. 'செல்ஃப்' என்ற ஆராய்ச்சி மொழியிலிருந்து ஒரு யோசனையை எடுத்துக்கொண்டார். அதில் கிளாஸ் என்ற வார்ப்பு கிடையாது. ஒரு ஆப்ஜெக்ட் நேரடியாக இன்னொரு ஆப்ஜெக்டிடமிருந்து வாங்கிக்கொள்ளும். கேட்ட பண்பு தன்னிடம் இல்லையென்றால் தன் ப்ரோட்டோடைப்பிடம் கேட்கும். அங்கேயும் இல்லையென்றால் அதன் ப்ரோட்டோடைப்பிடம். கேள்வி இப்படியே மேலே ஏறிக்கொண்டு போகும். ஆனால் அப்போது ஜாவா அலை அடித்துக்கொண்டிருந்ததால் மொழியின் தோற்றம் ஜாவா மாதிரி இருக்க வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அதனால் 'நியூ' என்ற சொல் உண்டு, கிளாஸ் இல்லை. ஜாவா வரிசையிலிருந்து எங்களுக்கு உதவ வந்த நண்பர் கேட்ட முதல் கேள்வியே "கிளாஸ் எங்கே பாஸ்?" என்பதுதான். கையாலேயே ஒரு ப்ரோட்டோடைப் சங்கிலி கட்டிக் காட்டினேன். ஒவ்வொரு முறையும் நாலைந்து வரி, வரிசை மாறக்கூடாது, ஒன்றை விட்டாலும் எங்கோ போய் உடையும். "இதை இருபது பேர் இருபது விதமா எழுதுவாங்க" என்றார். உண்மைதான், அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தோம்.

சாம் ஸ்டீவன்சன் 2005-ல் வெளியிட்ட ப்ரோட்டோடைப் லைப்ரரியை எடுத்துப் போட்டுப் பார்த்தோம். ரூபி மொழியின் சுகம் அதில் இருந்தது. வாசிக்கவே இன்பமாக இருக்கும். ஆனால் அது மொழியின் சொந்த அரே மேலேயே புதிய செயல்களை மாட்டிவைக்கும். எங்கள் பக்கத்தில் வேறொருவர் எழுதிக் கொடுத்த வரைபட நிரல் ஒன்று இருந்தது. ஊர்ப் பெயர்களை ஒரு அரேயில் வைத்து, 'ஃபார்-இன்' சுழற்சியில் ஒவ்வொன்றாக எடுக்கும். அந்தச் சுழற்சி அரேக்குள் இருப்பதோடு நிற்காது. அரே எங்கிருந்து வாங்கிக்கொண்டதோ அங்கே யாராவது புதிதாக மாட்டியிருந்தால் அதையும் எடுக்கும். ப்ரோட்டோடைப்பைச் சேர்த்ததும் ஊர்ப் பட்டியலில் மதுரை, சேலம், திருநெல்வேலிக்குக் கீழே 'ஈச்' என்று ஒரு ஊர், 'ஃப்ளாட்டன்' என்று ஒரு ஊர். அந்த வரைபட நிரலை மாற்ற எங்களுக்கு உரிமை இல்லை.

அன்றே ஒரு விதி வகுத்துக்கொண்டேன்: நான் எழுதுவது பிரவுசருக்குச் சொந்தமான எதன் மேலும் கை வைக்காது. உலகப் பொதுவெளியில் ஒரே ஒரு பெயரை எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். இந்த விதியைத் தளர்த்தச் சொல்லிப் பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். தளர்த்தவில்லை.

டீன் எட்வர்ட்ஸ் 2006-ல் எழுதிய 'பேஸ்' என்ற சிறு நிரல்தான் எனக்குப் பள்ளிக்கூடம். அதில் ஒரு உத்தி இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும். தாய் கிளாஸில் 'சேமி' என்று ஒரு செயல். சேய் கிளாஸ் அதே பெயரில் தன்னுடையதை எழுதுகிறது. நடுவில் ஒரு இடத்தில் "தாய் செய்வதையும் செய்துவிட்டு வா" என்று சொல்ல வேண்டும். மொழியில் அப்போது அதற்கு வழி இல்லை. அதனால் சேயின் செயலை அப்படியே வைக்காமல் அதைச் சுற்றி ஒரு உறை போட வேண்டும். உறை ஓடத் தொடங்கியதும், தாயின் செயலை ஆப்ஜெக்டின் மேல் ஒரு குறிப்பிட்ட பெயரில் மாட்டும். சேயின் செயலை ஓடவிடும். அது முடிந்ததும் அந்தப் பெயரில் முன்பு என்ன இருந்ததோ அதைத் திருப்பி வைக்கும். எல்லாச் செயலுக்கும் உறை போட்டால் வேகம் குறையும். எதற்குத் தேவை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஜாவாஸ்கிரிப்டில் ஒரு ஃபங்ஷனை எழுத்தாக மாற்றிப் படிக்கலாம். அதன் உடலுக்குள் அந்தக் குறிப்பிட்ட பெயர் தென்பட்டால் உறை, இல்லாவிட்டால் வேண்டாம். நிரல் தன்னையே படித்துத் தனக்கு என்ன வேண்டும் என்று முடிவெடுக்கிறது! முதல்முறை அது புரிந்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்த உத்திக்கு ஒரு எல்லை உண்டு. சேயின் செயலுக்குள் "அரை விநாடி கழித்துத் தாயைக் கூப்பிடு" என்று டைமர் வைத்தால், அரை விநாடி கழிவதற்குள் உறை தன் வேலையை முடித்துப் பெயரைத் திருப்பி வைத்துவிட்டிருக்கும். கூப்பிடும்போது அங்கே தாய் இருக்காது. இதை நிரலால் தீர்க்க முயன்றால் கோப்பு இரண்டு மடங்காகும். கையேட்டில் ஒரு பத்தி எழுதி, தாயின் செயலை முதலிலேயே ஒரு மாறியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று உதாரணத்தோடு சொன்னேன். அந்தப் பத்தியைப் போல உழைத்த பத்தி என் வாழ்க்கையில் வேறில்லை. கேள்வி கேட்டு எழுதியவர்களில் பெரும்பாலோருக்கு அதைத்தான் அனுப்பினேன்.

வெளியில் விடலாம் என்ற யோசனை ஐஐடி வளாகத்தில் வந்தது. சென்னை லினக்ஸ் பயனர் குழு அப்போது மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை கஜேந்திரா சர்க்கிள் பக்கம் ஏரோஸ்பேஸ் துறையின் வகுப்பறையில் கூடும். அங்கே என் நிரலைக் காட்டியபோது மூத்தவர் ஒருவர் திரையைக்கூடப் பார்க்காமல் கேட்டார்: "தம்பி, லைசென்ஸ் ஃபைல் எங்கே?"

"எல்லோரும் எடுத்துக்கலாம் சார், நான் எதுவும் கேட்க மாட்டேன்."

"நீ கேட்க மாட்டேன்னு நினைக்கிறது வேற. எழுதிக் கொடுக்கிறது வேற. எழுதாம விட்டா காப்பிரைட் உன்கிட்டதான். ஒருத்தனும் தைரியமா தொட மாட்டான்."

அதோடு இன்னொன்றும் கேட்டார்: "ஆபீஸ்ல எழுதினியா, வீட்லயா?" அலுவலகத்தில் எழுதியது அலுவலகத்துக்குச் சொந்தம். எங்கள் மேனேஜர் மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, தட்டிக்கழிக்கவும் இல்லை. மேலே எழுதி, கையெழுத்தோடு அனுமதிக் கடிதம் வாங்கித் தந்தார். அந்தக் கடிதம் இன்னும் என் கோப்பில் இருக்கிறது. எம்ஐடி லைசென்ஸைப் போட்டேன். சின்னது: காப்புரிமை வரியையும் இந்த உரையையும் நீக்காமல் யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், எந்த உத்தரவாதமும் இல்லை. கூகுள் கோடில் ஏற்றினேன்.

உத்தரவாதம் இல்லை என்று சட்டம் சொல்கிறது. ஆனால் ஒரு மனிதர் தன் வேலை நாளில் நம் நிரலை நம்பி இறங்கியிருக்கிறார் என்று தெரிந்த பிறகு அந்த வரி எனக்கு ஆறுதல் தரவில்லை. முதல் அந்நியர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து எழுதினார். அவருடைய ஆங்கிலமும் என்னுடையதும் ஏறக்குறைய ஒரே தரம். அதனால் நன்றாகப் புரிந்துகொண்டோம். அவர் ஒரு பணத்தொகை கிளாஸ் எழுதி, அதில் 'டூஸ்ட்ரிங்' என்ற செயலைத் தன் விருப்பப்படி மாற்றியிருந்தார். ஃபயர்ஃபாக்ஸில் தொகை அழகாக வருகிறது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் 'ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்' என்று வருகிறது. நிரலில் தவறே இல்லை. அவருடையதிலும் இல்லை, என்னுடையதிலும் இல்லை.

பிழை தேட உதவும் ஜோ ஹ்யூவிட்டின் ஃபயர்பக் ஃபயர்ஃபாக்ஸில் மட்டும்தான். எக்ஸ்ப்ளோரரில் அலர்ட் பெட்டிதான் எங்களுக்கு விளக்கு. ஒவ்வொரு வரிக்கும் ஒரு அலர்ட் போட்டுக்கொண்டே போனேன். கிளாஸின் வரையறையிலிருந்து செயல்களை ஒவ்வொன்றாக எடுத்து ப்ரோட்டோடைப்பில் ஒட்டும் சுழற்சிதான் இடம். அந்தச் சுழற்சி 'டூஸ்ட்ரிங்'கைப் பார்க்கவே இல்லை. காரணம் பிறகு விளங்கியது. ஜாவாஸ்கிரிப்டில் ஒவ்வொரு பண்புக்கும் ஒரு மறைமுகக் குறி உண்டு: 'எண்ணும்போது என்னைச் சேர்க்காதே' என்பது. மொழியோடு பிறந்த 'டூஸ்ட்ரிங்'குக்கு அந்தக் குறி இருக்கிறது; அது சரிதான். நாம் புதிதாக எழுதிய 'டூஸ்ட்ரிங்'குக்கு அது இருக்கக்கூடாது. ஆனால் எக்ஸ்ப்ளோரரின் இன்ஜின் பெயரை மட்டும் பார்த்து, மேலே இதே பெயரில் மறைந்த ஒன்று இருப்பதால் கீழே இருப்பதையும் மறைத்துவிட்டது. அப்படிப் பாதிக்கப்படும் பெயர்கள் மொத்தம் ஏழு. ஏழையும் ஒரு பட்டியலில் எழுதி, சுழற்சி முடிந்ததும் அவற்றைத் தனியாகக் கேட்டு ஒட்டும்படி வைத்தேன். அவருடைய உதாரணத்தையே சோதனையாக எழுதிச் சேர்த்தேன். 2011-ல் வந்த ஒன்பதாம் பதிப்பில்தான் மைக்ரோசாஃப்ட் இதைச் சரிசெய்தது.

இப்படித்தான் ஒவ்வொரு புகாரும் ஒரு சோதனையாக மாறி உள்ளே குடியேறியது. பழைய எக்ஸ்ப்ளோரர்களில் ஓட்டிப் பார்க்க மைக்ரோசாஃப்டே இலவசமாக மெய்நிகர் கணினிப் படிமங்கள் தந்தது. சில மாதங்களில் காலாவதியாகிவிடும். மறுபடி இறக்க வேண்டும். என் வீட்டு இணைப்பில் அது இரவு முழுக்க இறங்கும். இதையெல்லாம் சலிப்பில்லாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அக்கறையோடு செய்தேன்.

அடிக்கடி வந்த இன்னொரு புகார் வேறு ரகம். கிளாஸின் வரையறையிலேயே 'பட்டியல்' என்று ஒரு காலி அரேயை எழுதிவிடுவார்கள். அது ப்ரோட்டோடைப்பில் போய் உட்காரும். அதிலிருந்து பிறக்கும் எல்லா ஆப்ஜெக்டுக்கும் ஒரே அரே. ஒரு வண்டியில் போட்ட பொருள் இன்னொருவர் வண்டியிலும் தெரியும். மூடூல்ஸ் லைப்ரரி இதற்கு ஒரு தீர்வு வைத்திருந்தது: ஆப்ஜெக்ட் பிறக்கும்போதே இத்தகைய அரேக்களை நகலெடுத்துக் கொடுத்துவிடும். என்னிடமும் அதைச் செய்யச் சொல்லி ஒருவர் நிரலோடு அனுப்பினார். நன்றாக எழுதப்பட்ட நிரல். ஏற்றுக்கொள்ளும் எண்ணத்தில்தான் இருந்தேன். அதற்குள் இன்னொருவரின் நிரல் கண்ணில் பட்டது: அவர் அந்தப் பொது அரேயை வேண்டுமென்றே பயன்படுத்தியிருந்தார். எல்லா ஜன்னல்களும் ஒரே பட்டியலில் பதிவுசெய்துகொள்ளும். ஒன்று மூடினால் மற்றவற்றுக்குத் தெரியும். நான் கையேட்டில் அதை ஒரு வசதி என்று எங்கும் சொன்னதில்லை. ஆனால் அவர் கண்டுபிடித்தார், நம்பினார், கட்டினார்.

கூகுளில் பணிபுரிந்த ஹைரம் ரைட்டின் பெயரால் ஒரு விதி வழங்குகிறது: பயனர்கள் போதுமான அளவு பெருகிவிட்டால், நீங்கள் வாக்குக் கொடுத்தது எதுவாக இருந்தாலும் சரி, நிரல் வெளிப்படையாகக் காட்டும் ஒவ்வொரு நடத்தையையும் யாரோ ஒருவர் நம்பியிருப்பார். அந்த விதியைப் பின்னால்தான் படித்தேன். அதற்கு முன்பே அந்த ஜன்னல்காரரைச் சந்தித்துவிட்டேன். திருத்தத்தைத் திருப்பி அனுப்பினேன். ஏன் என்று நீளமாக எழுதினேன். கொண்டுவந்தவர் கோபித்துக்கொள்ளாமல், நகலெடுக்கும் வசதியைத் தனிக் கோப்பாக எழுதிக் கொடுத்தார், வேண்டியவர்கள் சேர்த்துக்கொண்டார்கள். ஓப்பன் சோர்ஸில் 'முடியாது' என்பதைச் சொல்வதற்கு, நிரல் எழுதுவதைவிட அதிக நேரம் செலவழிக்க வேண்டும். செலவழிக்காதவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை.

ஒரு லைப்ரரி வெளியில் விட்ட பெயர் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். ப்ரோட்டோடைப் 1.6 பதிப்பு 2007-ல் வந்தது. தாயின் செயலைக் கூப்பிட அது ஒரு புதிய வழி வைத்தது: ஃபங்ஷனின் முதல் ஆர்க்யுமென்டின் பெயர் டாலர் குறியோடு 'சூப்பர்' என்று இருந்தால், அங்கே தாயைக் கொண்டுவந்து கொடுக்கும். ஆனால் கோப்பின் அளவைக் குறைக்கும் கருவிகள் ஆர்க்யுமென்ட் பெயர்களை ஒற்றை எழுத்தாகச் சுருக்கிவிடும். சுருக்கினால் எல்லாம் உடையும். அதற்காக யாஹூவின் யூயுஐ கம்ப்ரசரில், அந்த ஒரு பெயரை மட்டும் முதல் இடத்தில் கண்டால் தொடாதே என்று தனி விதிவிலக்கு எழுதினார்கள். சாம் ஸ்டீவன்சனின் குழு தேர்ந்தெடுத்த ஒரு பெயருக்கு, வேறொரு நிறுவனத்தின், வேறொரு மொழியில் எழுதப்பட்ட கருவி இடம் ஒதுக்கியது. அந்த வரியை மூலநிரலில் நானே தேடிப் படித்தேன். இரண்டு தரப்பின் மேலும் மரியாதை கூடியது.

கிட்ஹப் வந்த பிறகு வேலையின் தன்மை மாறியது. முன்பு திருத்தத்தை மெயிலில் அனுப்புவார்கள். இப்போது நேரே வந்து நிற்கும். கூகுள் கோடு 2016 ஜனவரியில் மூடப்பட்டது. அதற்கு வெகுகாலம் முன்பே நாங்கள் இடம் மாறிவிட்டோம். அங்கேதான் மதுரைப் பக்கக் கல்லூரி மாணவி ஒருவர் வந்து சேர்ந்தார். முதலில் கையேட்டில் இருந்த எழுத்துப்பிழைகளைத் திருத்தினார். பிறகு அந்த டைமர் பத்தியை, நான் எழுதியதைவிடத் தெளிவாக, திருப்பி எழுதினார். சோதனைகளை ஒவ்வொன்றாகப் படித்து, இது எதற்கு, இது எந்த பிரவுசருக்கு என்று கேட்டுக் கேட்டுக் குறிப்பு எழுதினார். "அண்ணா, இதை நீங்க மறந்துட்டா யாருக்கும் தெரியாமப் போயிடும்" என்றார். அந்தக் குறிப்புகள்தான் இன்று அந்த லைப்ரரியின் மிக மதிப்புள்ள கோப்பு.

2015 ஜூனில் மொழியிலேயே கிளாஸ் வந்துவிட்டது. உள்ளே அதே ப்ரோட்டோடைப் சங்கிலிதான். வெளியே ஜாவாக்காரர்கள் தேடிய தோற்றம், கூடவே முறையான சூப்பர். டைமருக்குள்ளிருந்தும் தாயைக் கூப்பிடலாம். நாங்கள் உறை போட்டு, எழுத்தாக்கிப் படித்து, மீட்டுவைத்துச் செய்ததையெல்லாம் இன்ஜினே செய்கிறது. எனக்கு மனதார மகிழ்ச்சி. முகப்பிலேயே எழுதினேன்: புதிதாகத் தொடங்குகிறவர்கள் மொழியின் கிளாஸையே பயன்படுத்துங்கள், இது வேண்டாம்.

ஆனால் ஏற்கெனவே கட்டியவர்கள்? அவர்களிடம் நூற்றுக்கணக்கில் பழைய கிளாஸ்கள் இருந்தன. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றச் சொல்ல முடியாது. ஒவ்வொன்றாக மாற்ற வேண்டுமானால் பழைய தாய்க்குப் புதிய சேய், புதிய தாய்க்குப் பழைய சேய் இரண்டும் பிறக்க வழி வேண்டும். முதலாவது எளிது. இரண்டாவதில்தான் முடிச்சு. பழைய முறையில் சேய் தன் ஆப்ஜெக்டைத் தானே உருவாக்கி, தாயின் கன்ஸ்ட்ரக்டரைச் சாதாரண ஃபங்ஷன் போலக் கூப்பிட்டு நிரப்பச் சொல்லும். புதிய கிளாஸ் அதற்கு ஒத்துக்கொள்ளாது. 'நியூ' இல்லாமல் கூப்பிட்டால் பிழை வீசும். ஆப்ஜெக்டை உருவாக்கும் உரிமை தாய்க்கு மட்டும்தான் என்பது அங்கே சட்டம். அதே 2015 பதிப்பில் வந்த ரிஃப்ளெக்ட் கன்ஸ்ட்ரக்ட் என்ற செயல் கைகொடுத்தது: தாயைக் கொண்டு உருவாக்கு, ஆனால் பிறப்பது சேயின் ப்ரோட்டோடைப்போடு இருக்கட்டும் என்று சொல்லலாம். அதை நுழைப்பதற்கு உள்ளமைப்பு முழுவதையும் பிரித்து அடுக்க வேண்டியிருந்தது. வெளியே ஒரு பெயர்கூட மாறக்கூடாது. நானும் அந்த மாணவியும் (அதற்குள் அவர் வேலைக்குப் போய்விட்டார்) ஒரு மழைக்காலம் முழுக்க அதில் இருந்தோம். என் லைப்ரரியிலிருந்து மக்கள் சேதமில்லாமல் வெளியேறிப் போக உதவும் பதிப்பு அது. நான் எழுதியவற்றில் சிறந்தது எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

இரண்டு விஷயங்கள் இந்தச் சமயத்தில் என்னை உலுக்கின. 2016 மார்ச்சில் 'லெஃப்ட்-பேட்' என்ற பதினொரு வரித் தொகுப்பை அதன் ஆசிரியர் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட, அதை மறைமுகமாக நம்பியிருந்த எத்தனையோ திட்டங்கள் உடனே உடைந்தன. 2018 நவம்பரில் 'ஈவன்ட்-ஸ்ட்ரீம்' விவகாரம் வெளியே வந்தது: களைத்துப்போன பராமரிப்பாளர், உதவ முன்வந்த அந்நியரிடம் உரிமையைக் கொடுக்க, அந்த வழியாகப் பிட்காயின் திருடும் நிரல் உள்ளே நுழைந்தது. அந்தப் பராமரிப்பாளரைத் திட்டியவர்கள் அதிகம். எனக்குத் திட்ட மனம் வரவில்லை. சம்பளமில்லாமல், இரவுகளில், தனியாகச் சுமப்பவனுக்கு "நான் பார்த்துக்கிறேன்" என்ற சொல் எவ்வளவு இனிக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தச் சுமையை அவர் தலையில் ஏற்றிவிட்டு, லாபம் மட்டும் எடுத்துக்கொண்ட நிறுவனங்கள்தான் பதில் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. இன்றும் அதே கருத்துதான்.

அதே 2018-ல் இன்னொரு விவகாரம். அரேக்குள் அரே இருந்தால் அவற்றைப் பிரித்து ஒரே வரிசையாக்கும் செயல் ஒன்றை மொழியில் சேர்க்க ஜாவாஸ்கிரிப்டின் தரநிலைக் குழு முடிவு செய்திருந்தது. பெயர் 'ஃப்ளாட்டன்'. ஃபயர்ஃபாக்ஸின் சோதனைப் பதிப்பில் அதைச் சேர்த்ததும் பழைய தளம் ஒன்று உடைந்தது. காரணம் மூடூல்ஸ். அதே பெயரில் ஒரு செயலை அது அரே மேல் பல ஆண்டுகளுக்கு முன்பே மாட்டிவைத்திருந்தது. எப்படி உடைந்தது என்று படித்தபோது என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. மூடூல்ஸ் தன் செயலை மாட்டியதும், அரேயில் இருப்பவற்றை ஒரு சுழற்சியில் எண்ணி, தன்னுடைய வேறொரு வகைக்கு நகலெடுக்கும். இப்போது பிரவுசரே அந்தப் பெயரில் ஒன்றைப் பிறவியிலேயே வைத்திருப்பதால், 'எண்ணும்போது என்னைச் சேர்க்காதே' என்ற குறி அதன் மேல் இருக்கிறது. மூடூல்ஸ் அதே இடத்தில் தன்னுடையதை எழுதினாலும் குறி அழியாது. சுழற்சி அதைப் பார்க்காமல் தாண்டிப் போகிறது, நகல் விழவில்லை, அதை நம்பிய பக்கம் உடைகிறது. அந்தப் பணத்தொகை கிளாஸுக்காக அலர்ட் பெட்டிகளோடு நான் தேடிப் பிடித்த அதே குறி!

மூடூல்ஸில் அப்போது புதிய வேலை ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. பழைய லைப்ரரிக்காக மொழி ஏன் வளைய வேண்டும், உடைந்தால் உடையட்டும் என்று கொதித்தவர்கள் பலர். அந்த மே மாதம் குழு பெயரை 'ஃப்ளாட்' என்று மாற்றிக்கொண்டது. இதற்கு முன்பும் ஒருமுறை, அரேயில் ஒன்று இருக்கிறதா என்று கேட்கும் செயலை 'கன்டெய்ன்ஸ்' என்பதிலிருந்து 'இன்க்ளூட்ஸ்' என்று மாற்றியதற்கும் மூடூல்ஸ்தான் காரணம். இதைச் சிலர் தோல்வி என்று எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. யாரோ, எப்போதோ, இரவு விழித்துக் கட்டிய பக்கம் இன்றும் திறக்க வேண்டும். அதைக் கட்டியவர் அந்த வேலையில் இல்லாமல் போயிருக்கலாம், உயிரோடு இல்லாமலும் போயிருக்கலாம். அவருக்காக ஒரு உலகத் தரநிலை தன் பெயரை விட்டுக்கொடுத்தது. மொழியின் அரே மேல் கை வைக்காதிருந்தால் இந்தச் சிக்கலே வந்திருக்காது என்பதும் உண்மை. என் விதியில் எனக்கு மேலும் உறுதி வந்தது.

பராமரிப்பை முழுதாக அந்தப் பெண்ணிடம் ஒப்படைத்தேன். முன்பின் தெரியாத சிலர் பொறுப்பேற்கிறேன் என்று எழுதியிருந்தார்கள்; நன்றி சொல்லி, முதலில் திருத்தங்கள் அனுப்புங்கள் என்றேன். யாரும் அனுப்பவில்லை. அவர் பல வருடங்களாக அனுப்பிக்கொண்டிருந்தவர்.

2022 ஜூனில் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்ப்ளோரருக்கு ஆதரவை நிறுத்தியதும் அவர் போன் செய்தார். "அண்ணா, அந்த ஏழு பெயரை என்ன பண்றது?"

"எடுத்துடும்மா. இனி யாருக்கு வேணும்?"

"கேட்டுப் பார்த்துட்டு எடுக்கிறேன்" என்றார். திட்டத்தின் பக்கத்தில் அறிவிப்புப் போட்டு, மூன்று மாதம் அவகாசம் கொடுத்தார். ஒரே ஒருவர் பதில் எழுதினார்: ஒரு தொழிற்சாலையில் லேபிள் அச்சிடும் கணினி, வெளி இணைப்பு இல்லாதது, அதில் எக்ஸ்ப்ளோரர் எட்டு. அதை மாற்ற வேண்டுமானால் அச்சு இயந்திரத்தையே மாற்ற வேண்டும். அந்தப் பெண் லைப்ரரியை இரண்டு கிளைகளாகப் பிரித்தார். புதிய கிளையில் அந்த ஏழு பெயரும் இல்லை, எழுத்தாக்கிப் படிக்கும் உத்தியும் இல்லை. கோப்பு பாதியாகச் சுருங்கியது. பழைய கிளையில் ஒரு வரியும் மாறவில்லை, எல்லாச் சோதனைகளும் அப்படியே ஓடும், பிழை வந்தால் திருத்தப்படும் என்று எழுதினார். நானாக இருந்தால் ஒருவருக்காக இரண்டு கிளை வைத்திருக்க மாட்டேன். அவர் வைத்தார், அதுதான் சரி என்று இப்போது எனக்கும் தோன்றுகிறது. வெளியீட்டுக் குறிப்பை அனுப்பி ஒருமுறை பார்த்துத் தரச் சொன்னார். இரண்டு இடத்தில் பதிப்பு எண் மாறியிருந்தது. அதைக் குறித்துக் கொடுத்தேன், அன்று மாலையே வெளியிட்டார்.